ஐந்து சக்களத்திகள்

உட்காரலாம்தான். நாற்காலி கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது, அதன்மேல் மனைவி லெயோனி பழைய திரைச்சீலையை வெட்டித் தைத்துப்போட்ட மெத்தைகூட இருக்கிறது, முழங்கால் இரண்டும் காலையிலிருந்து கெஞ்சிக்கொண்டிருக்கின்றன, இருந்தும் பிலவேந்திரன் உட்காரவில்லை. அவள் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் எப்படி உட்காருவது என்று நினைத்தார், நினைத்த கையோடு இதென்ன கிறுக்குத்தனம் என்றும் நினைத்தார், எழுபதைத் தாண்டிய மனிதர், பிரெஞ்சு ராணுவத்தின் பென்ஷன்காரர், தன் வீட்டில் தன் நாற்காலியில் உட்காரப் பெண்டாட்டியின் உத்தரவுக்குக் காத்து நிற்கிறார் என்று தெரிந்தால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா. சிரித்துவிட்டுப் போகட்டும். வெளியே மிஸ்த்ரால் அடித்தது. தென் பிரான்சின் இந்தக் கடலோர ஊரில் ஜனவரியில் வடக்கிலிருந்து இறங்கும் பேய்க்காற்று அது, பிடித்தால் லேசில் விடாது, ஜன்னல் பலகைகளைப் போட்டு உலுக்கும். ஒவ்வொரு உலுக்கலும் போன் மணிபோலவே கேட்டது. போன் மேஜைமேல் கிடந்தது, அடிக்கவில்லை. காதுக்குள் இருந்த மிஷினை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். காலையில்தான் புது பேட்டரி போட்டார், சத்தத்தை முழுசாக ஏற்றியும் வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டில் பல் தேய்த்தால்கூடக் கேட்கும். இத்தனை வருஷமாக, லெயோனி பேச ஆரம்பித்ததும் தலை சொறிகிற சாக்கில் இதே மிஷினை நைசாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட ஆள்தான் இவர். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் பேசிக்கொண்டேதான் இருப்பாள், பைக்குள் இருக்கும் மிஷினுக்காவது கேட்கட்டும் என்று.

எதிர்ச் சுவரில் ஐந்து துப்பாக்கிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படுத்திருந்தன. ஐந்தும் ஒரு காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளம் தோளில் சுமந்தவை, ஒவ்வொரு தடவை சுடும்போதும் கையாலேயே தாழ்ப்பாளைப் பின்னுக்கு இழுத்து முன்னுக்குத் தள்ளி மூடவேண்டிய பழைய ரகம். அந்தத் தாழ்ப்பாளுக்குப் பிரெஞ்சில் குலாஸ் என்று பெயர். மூத்தது க்ரா, ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போட முடியும், அதனால் நிதானம் அதிகம், லெயோனி அதற்குப் பெரியக்கா என்று பெயர் வைத்தாள். லெபெல் இரண்டு, நெஞ்சுயரத்துக்கு நெடுநெடுவென்று ஒரே அச்சில் இருப்பவை, அவை ரெட்டைக்காரிகள். குட்டையான பெர்த்தியேவுக்குக் குள்ளி என்று பெயர். கடைசியில் மாஸ் முப்பத்தாறு, அதன் குலாஸ் கைப்பிடி எதையோ எட்டிப் பிடிக்கப்போவதுபோல முன்பக்கமாக வளைந்திருக்கும், அது கோணக்கை. மொத்தமாகக் கூப்பிடுவதென்றால் சக்களத்திகள். "என்னாங்க, என் சக்களத்திங்களுக்கு எண்ணெய் தேச்சிக் குளுப்பாட்டியாச்சா?" என்று சமையலறையிலிருந்தே கேட்பாள். "அவளுங்களத் தொடைக்கிற தொடைக்கு என் முதுக ஒரு நாள் தேச்சி விட்டிருந்தா இந்நேரம் நானும் பளபளன்னு இருந்திருப்பேன்." இவர் பதில் சொல்லமாட்டார். பதில் சொன்னால் பேச்சு வளரும். பேச்சு வளரட்டுமே, இன்றைக்கு வளரட்டுமே, ஆடி மாதத்துப் பூசணிக்கொடியாட்டம் கூரை ஏறி வளரட்டுமே. யார் வேண்டாம் என்றது.

மகள் சில்வி தவழ ஆரம்பித்த மாதத்தில் லெயோனி ஒரு சட்டம் போட்டாள். துப்பாக்கி சுவரில் இருக்கலாம், குலாஸ் அதில் இருக்கக் கூடாது. குலாஸ் இல்லாத துப்பாக்கி வெறும் இரும்புக்குழாய், சுடாது, அடுப்பு ஊதத்தான் ஆகும். "ஒடம்பு உங்ககிட்ட இருக்கட்டும், வாயி எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். ஐந்து குலாஸையும் ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிச் சங்கிலியில் வேளாங்கண்ணி மாதா சுரூபத்தோடு கோத்துக்கொண்டாள். சில்வி வளர்ந்து வேலைக்குப் போய் லியோன் நகரத்தில் குடியும் போயாயிற்று, சட்டம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை துப்பாக்கி துடைக்கிற நாள். அன்று காலை காபி குடித்ததும் பிலவேந்திரன் அவள் எதிரில் போய் நிற்க வேண்டும். "கார்தவு!" என்பாள், நேராக நில் என்கிற பட்டாளத்து உத்தரவு. குதிகால் இரண்டும் சேர வேண்டும், கை தொடையோடு ஒட்ட வேண்டும். பிறகு கையை நீட்டச் சொல்லி நகம் பார்ப்பாள். அழுக்கிருந்தால் போய் வெட்டிக்கொண்டு வர வேண்டும். எல்லாம் திருப்தியானால் சங்கிலியிலிருந்து சாவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, "ரெப்போ" என்பாள். தளர்ந்து நில், இளைப்பாறு, போதும். அந்த வார்த்தை விழும்வரை இவர் அசையமாட்டார், அசைந்ததே இல்லை. விளையாட்டுத்தான். ஆனால் முப்பது நாற்பது வருஷம் ஒரே விளையாட்டை விளையாடினால் அது விளையாட்டு என்கிற கணக்கில் வருமா என்று தெரியவில்லை.

அந்த வார்த்தையை அவள் முதலில் சொன்னது மாதா கோயிலில், கல்யாணத்தன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன ஆளைச் சொல்தா என்பார்கள், சொல்தா மாப்பிள்ளை என்றால் அப்போது தனி மவுசு, லீவில் வந்தவரைப் பிடித்து ஒரே மாதத்தில் கல்யாண ஓலை வாசித்து மாப்பிள்ளையாக நிறுத்திவிட்டார்கள். பீடத்துக்கு முன்னால் கோட்டும் சூட்டுமாக நின்ற பிலவேந்திரனுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை, தெரிந்தது ஒன்றுதான், குதிகாலைச் சேர்த்து நெஞ்சை நிமிர்த்திக் கார்தவில் நின்றுவிட்டார். பூசை முழுக்க அப்படியே. உட்கார வேண்டிய இடத்தில் எல்லோரும் உட்கார்ந்தார்கள், இவர் நின்றார். அப்போதுதான் பக்கத்தில் முக்காட்டுக்குள்ளிருந்து, அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசிப் பழகாத அந்தப் பெண், உதடு அசையாமல் சொன்னாள், "ரெப்போ". அவளும் சொல்தா மகள்தான், அப்பன் வீட்டில் கேட்டு வளர்ந்தது. இவர் பொத்தென்று உட்கார்ந்தார். அவள் சிரிப்பை அடக்க ஜெபமாலையைக் கடித்துக்கொண்டாள். அந்த ரெப்போவில் ஒரு ர இருந்தது. பிரெஞ்சுக்காரனுடைய ர தொண்டையின் அடியிலிருந்து கரகரவென்று வரும், கொப்பளிப்பதுபோல. லெயோனியின் ர நாக்கு நுனியில் உருளும், சுத்தமான தமிழ் ர. இங்கே வந்து இத்தனை காலமாகியும், மீன் மார்க்கெட்டில் பிரெஞ்சுக்காரிகளோடு பிரெஞ்சிலேயே சண்டை போட்டு ஜெயித்தும், அந்த ர மட்டும் மாறவே இல்லை. சில்வி கேலி செய்வாள், கடைக்காரர்கள் எந்த ஊர் என்று கேட்பார்கள், லெயோனி அசரமாட்டாள். நாக்கு நுனியில் உருளும் ரவுக்குத் தொண்டை எதற்கு, என்று இப்போது பிலவேந்திரனுக்குத் தோன்றியது. தொண்டைக்கு என்ன ஆனாலும் ர வந்துவிடுமல்லவா. ஒரு நிமிஷம் இது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு வாயைத் திறந்து தானே சத்தம் இல்லாமல் சொல்லிப் பார்த்தார், நாக்கு உருண்டது, காற்று வந்தது, அவ்வளவுதான். குரல் வேறு, நாக்கு வேறு.

இன்று காலை ஆஸ்பத்திரியில் தள்ளுகட்டிலில் படுத்துக்கொண்டு, தலையில் அந்தக் காகிதத் தொப்பியோடு, "கார்தவு" என்றாள். நர்ஸ் நகை எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். தாலிச் சங்கிலி, மோதிரம், மாதா சுரூபம், சாவி எல்லாவற்றையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தாள். பிலவேந்திரன் அந்த வராந்தாவில், போகிற வருகிற வெள்ளை உடுப்புகளுக்கு நடுவில், குதிகாலைச் சேர்த்து நின்றார். கையை நீட்டினார். "நகம் வெட்டல" என்றாள். "நேத்து மறந்துட்டேன்" என்றார். "மறப்பீங்க, மறப்பீங்க. வெட்டிகினு அப்புறம் தொடைங்க. இன்னிக்கி முதல் செவ்வா. இங்க உக்காந்து பெருமூச்சு உட்டுகினு இருந்தீங்கன்னா பக்கத்துல இருக்கறவனுக்கும் நோய் வந்துரும், ஊட்டுக்குப் போங்க" என்றாள். முடிச்சை உள்ளங்கையில் வைத்தாள். இவர் காத்திருந்தார். கட்டிலைத் தள்ளுகிற பையன் பிரேக்கை எடுத்துவிட்டான். "ரெப்போ?" என்று இவரே கேட்டுவிட்டார், கேட்டது தன் குரல்தானா என்றே சந்தேகமாக இருந்தது. லெயோனி தலையைத் திருப்பிப் பார்த்தாள். "வந்து சொல்றேன்" என்றாள். கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது, பிலவேந்திரன் நின்றுகொண்டே இருந்தார், பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார், இதோ இப்போதும் நிற்கிறார். வந்து சொல்றேன் என்றால் சொல்ல வருவேன் என்றுதானே அர்த்தம். சொல்ல முடியுமா என்று தெரியாததால்தான் இப்போது சொல்லாமல் வைத்துக்கொண்டாளோ. அல்லது கடன் வைத்தால் திரும்பி வந்தே ஆகவேண்டும் என்று தனக்குத்தானே ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாளோ. அவளுக்குப் பயமே கிடையாது என்று நாற்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்த முட்டாள் இவர்தான்.

கழுத்துக் கட்டி கெட்ட கட்டி இல்லை. அதை அந்தப் பெண் டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாள், உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வளர்ந்துகொண்டே போகிறது, மூச்சுக்குழாயை அழுத்துகிறது, தைராய்டு சுரப்பியோடு சேர்த்து எடுத்துவிடுவது நல்லது. பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டாள். பட்டாம்பூச்சிபோல ஒன்று, அதன் இறக்கைக்குப் பின்னால் நூல்போல ஒரு கோடு. இதுதான் குரலின் நரம்பு, கட்டி இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, மிகுந்த கவனமாகத்தான் செய்வோம், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, சிலருக்குக் குரல் கம்மிவிடும், சிலருக்கு மாதக்கணக்கில் வராது, மிக அபூர்வமாகச் சிலருக்கு, என்று நிறுத்திப் பேனாவை மூடினாள். அந்த இடத்தில்தான் லெயோனி இவர் பக்கம் கையைக் காட்டிப் பிரெஞ்சில் சொன்னாள், அப்படியானால் கொண்டாட்டம் இவருக்குத்தான் டாக்டர், காது மிஷின் காசு மிச்சம். பிலவேந்திரன் சிரித்தார். ஏன் சிரித்தார். எந்தக் கழுதையாவது அந்த நேரத்தில் சிரிக்குமா. டாக்டர்கூடச் சிரிக்கவில்லை, இவர் கட்டிய புருஷன், தோள் குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள், சிரிக்காவிட்டால் மனசு சங்கடப்பட்டிருக்கும், அதெல்லாம் சரி. ஆனால் சிரித்து முடித்ததும் அவள் இவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள், அந்தப் பார்வை என்ன கேட்டது என்று இந்த மூன்று வாரமாக யோசிக்கிறார், பிடிபடவில்லை. நிஜமாவே கொண்டாட்டமா என்று கேட்டதா. இல்லடி என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை, அவள்தான் எல்லாவற்றையும் பேசிவிடுகிறாளே, இவர் பங்குக்கும் சேர்த்து அவளே பேசி அவளே பதில் சொல்லி அவளே கோபித்து அவளே சமாதானமும் ஆகிவிடுவாள், இந்த வீட்டில் பிலவேந்திரன் பேசவேண்டிய அவசியம் எப்போதும் வந்ததில்லை.

சரி, துடைக்கலாம். நகம் வெட்டியாயிற்று, அதை மட்டும் வந்ததும் முதலில் செய்தார். பாலைக் காய்ச்சப் போய்ப் பொங்கவிட்டார், ஒரு பட்டாளத்துக்கே சோறு வடித்த கை, ஒரு டம்ளர் பாலைக் காப்பாற்ற முடியவில்லை. ஆமாம், பிலவேந்திரன் பட்டாளத்தில் சமையல்காரர். இதைத் துப்பாக்கி சேர்க்கிற பிரெஞ்சு சிநேகிதர்களிடம் சொல்வதில்லை, அவர்களாகக் கேட்டால் மட்டும் படைப்பிரிவின் பெயரைச் சொல்லி மீசையைத் தடவிக்கொள்வார். பயிற்சிக் காலத்தில் இரண்டு மாதம் கையில் கொடுத்தார்கள் ஒரு மாஸ் முப்பத்தாறு. அதன் எண்ணை மனப்பாடம் செய்யச் சொன்னார் சார்ஜென்ட், பெண்டாட்டி பெயர் மறந்தாலும் இது மறக்கக் கூடாது என்று. மறக்கவில்லை. கொன்சுலா என்கிற பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிந்தபோது, மணப்பெண்ணின் பிறந்த தேதி என்ன என்று கேட்ட துரைக்குப் பிலவேந்திரன் விறைப்பாக நின்று துப்பாக்கி எண்ணைச் சொன்னார், எழுத்தோடு சேர்த்து, தடங்கலே இல்லாமல். துரை பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அது அந்தம்மா பொறந்த தேதி, நான் வேற" என்றாள் லெயோனி. அன்று தொடங்கியதுதான் சக்களத்தி. அப்புறம் ஒரு தடவைகூட அவள் பிறந்த நாளை மறந்ததில்லை, ஆனால் யார் நம்புகிறார்கள். சமையற்கட்டுக்கு அனுப்பியபிறகு அந்தத் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். ஒருநாள் எங்கேயாவது ஒரு பழைய ஆயுதச் சந்தையில் அதே எண் கண்ணில் படும் என்று தேட ஆரம்பித்தார், அது படவில்லை, தேடப் போன இடத்தில் ஐந்து வந்து சேர்ந்தன. சுடவேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. சுட்டுச் சுட்டு ஓய்ந்துபோய், யாரையோ எங்கேயோ என்னவோ செய்துவிட்டு, இனிமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று வாயடைத்துப்போனவை என்றுதான் இவருக்குப் பிடித்தது. அந்த அமைதி பிடித்தது. லெபெலில் பாதுகாப்புப் பூட்டு என்று ஒன்று கிடையாது, தோட்டாவை வாயருகே போடாமல் காலியாக வைத்திருப்பதுதான் அதற்குப் பத்திரம் என்று வருகிறவர்களிடம் எல்லாம் விளக்குவார். காலியான வாய் பத்திரம். என்ன பேச்சு இது. இன்றைக்கு இந்த அறையில் இருக்கிற அமைதி கழுத்தை நெரிக்கிறது, இதைத்தானா இத்தனை வருஷம் பணம் கொடுத்து வாங்கினோம் என்று இருந்தது.

பீரோவிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துவந்து திறந்தார். உள்ளே ஐந்து துணிப்பொட்டலம், லெயோனியின் பழைய புடவைத் துண்டுகள், ஒவ்வொரு குலாஸுக்கும் ஒரு நிறம். பெரியக்காவின் ஊதாத் துணியைப் பிரித்தவர் அப்படியே நின்றார். இரும்பின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பூஞ்சணமா. அடுத்ததைப் பிரித்தார், அதிலும் வெள்ளை. ரெட்டைக்காரிகள் இரண்டுக்கும், குள்ளிக்கும், கோணக்கைக்கும், கைப்பிடியிலிருந்து திருகாணிப் பள்ளம்வரை மெழுகுபோல வெள்ளை. போன மாதம் துடைத்துத்தானே வைத்தார், துருவா, உப்புக்காற்றா, இத்தனை வருஷத்தில் ஒரு புள்ளி துரு பார்த்ததில்லையே, இன்றைக்குப் பார்த்து இதுவும் வரவேண்டுமா. நகத்தால் சுரண்டினார், குழைந்து வந்தது. மூக்கருகே கொண்டுபோனார். தேங்காயெண்ணெய். லெயோனி தலைக்குத் தேய்க்கிற, தமிழ்க் கடையில் நீல டப்பாவில் வாங்குகிற, குளிர்காலத்தில் வெண்ணெய்க்கட்டியாக உறைந்து ஸ்பூனால் தோண்டி எடுக்கவேண்டிய அதே தேங்காயெண்ணெய். போன வாரம் ஒரு நாள் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தாள், என்ன பண்ற என்றதற்கு ஜெபம் பண்றேன் என்றாள். இதுதானா ஜெபம். ஆபரேஷன் அன்று மனுஷனுக்கு ஒன்றும் ஓடாது என்று தெரிந்து, முன்கூட்டியே ஐந்து சக்களத்திகளுக்கும் உட்கார்ந்து எண்ணெய் தேய்த்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதுவும் தேங்காயெண்ணெய். இரும்புக்குப் போடவே கூடாத எண்ணெய், நாள்பட்டால் பிசினாகப் பிடித்துக்கொள்ளும், சந்தையில் எவனாவது இப்படிச் செய்தான் என்று கேள்விப்பட்டால் பிலவேந்திரன் அவனோடு பேச்சையே நிறுத்தியிருப்பார். அட பாவி மகளே, என்றார் வாய்விட்டு. அந்த அறையில் காலையிலிருந்து பேசப்பட்ட முதல் வார்த்தை அது.

அப்போது போன் அடித்தது. கைதவறி குலாஸ் மேஜைமேல் விழுந்து உருண்டது. சில்வி. "அப்பா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்றாள், பின்னால் ரயில் ஓடுகிற சத்தம். "இல்லம்மா." "போன் வரலியா?" "உன் போன்தான் வந்துது." "நர்ஸ் கூப்புடுவாங்களா, அம்மாவே கூப்புடுவாங்களா?" அதைத்தான் கேட்காதே என்றிருந்தது. அம்மாவே கூப்பிட்டால் குரல் இருக்கிறது, நர்ஸ் கூப்பிட்டால் இல்லை, காலையிலிருந்து இந்தக் கணக்கைத்தான் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறார். மயக்கத்தில் இருப்பாள், போன் அவள் கையில் இருக்காது, நர்ஸ்தான் கூப்பிடுவாள், அதற்கும் குரலுக்கும் சம்பந்தமில்லை என்று நல்ல புத்தி சொல்லும், அடுத்த நொடியே, லெயோனியா, அவளா அடுத்தவள் வாயால் பேசுவாள் என்று இன்னொன்று சொல்லும். "தெரியலம்மா" என்றார். "சாப்ட்டீங்களா?" "ம்." "உக்காந்திருக்கீங்களா?" "நிக்கிறேன்." "எதுக்கு நிக்கிறீங்க? உக்காருங்கப்பா, முட்டிவலி வரும்." "உக்காரணும். உங்கம்மா வரட்டும்." மிஷின் காதுக்குள் விசிலடித்தது. "சாயந்தரம் வந்துருவேன்பா" என்றாள், குரல் உடைந்திருந்தது. இவளுக்கும் அம்மாவின் குரல்தான், ர மட்டும் பிரெஞ்சு.

மேஜைமேல் உருண்ட குலாஸை எடுத்தார். பெட்ரோலில் நனைத்த துணியால் ஒரே துடையில் எடுத்துவிடலாம், துணி பக்கத்திலேயே இருந்தது. கை போகவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் குலாஸை வைத்து மூடிக்கொண்டார். சில்லென்று இருந்தது, பிறகு சில்லென்று இல்லை. மெல்ல மெல்ல எண்ணெய் உருகி ரேகைகளில் இறங்கியது. மணம் எழுந்தது. விடிகாலையில் தலையணைப் பக்கத்தில் இருக்கும் மணம், அவள் குனிந்து இவர் காதில் மிஷினை மாட்டிவிடும்போது முகத்தருகே வரும் மணம். மாட்டிவிட்டதும் அவளே பேச்சை ஆரம்பிப்பாள், பேப்பரைப் பிரித்து யார் யார் செத்தார்கள் என்று வாசிப்பாள், தெரியாத பிரெஞ்சுக்காரர்களுக்கு எல்லாம் ஐயோ பாவம் போடுவாள். எல்லாச் செய்தியும் ஒரே மாதிரி முடியும், இன்னார் இன்ன கல்லறையில் இளைப்பாறுகிறார். அங்கேயும் அதே வார்த்தைதான். ரெப்போ. பட்டாளத்தில் ஒரு அர்த்தம், டாக்டர் சீட்டில் ஒரு அர்த்தம், கல்லில் வெட்டினால் வேறு அர்த்தம், ஒரே வார்த்தையை எத்தனை பேர் எத்தனை விதமாகப் பிய்த்துக்கொள்கிறார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை என்றுதானே டாக்டர் சொன்னாள். சொன்னாள். ஆனால் லெயோனியின் உயிர் வேறெங்கே இருக்கிறது. அவள் ஊமையாக இந்த வீட்டில் நடமாடுவதை நினைத்துப் பார்த்தார். தட்டை வைப்பாள், எடுப்பாள். காரணம் சொல்லாமல் கோபிப்பாள். செவ்வாய்க்கிழமை எதிரில் நிற்பார், அவள் நகத்தைப் பார்ப்பாள், சாவியைக் கொடுப்பாள், தலையை மட்டும் ஆட்டுவாள். அப்போது உட்கார வேண்டுமா, நிற்க வேண்டுமா. அப்படி ஆனால் நான் பேசுகிறேன் என்று நினைத்தார். இத்தனை நாள் பேசாமல் சேர்ந்து கிடப்பதையெல்லாம் எடுத்து, உன் பங்குக்கும் சேர்த்து நானே பேசுகிறேன், செத்தவர்கள் பட்டியலை நான் வாசிக்கிறேன், மீன்காரியோடு நான் சண்டை போடுகிறேன், உன்னை மாதிரி வராது, சிரிப்பாய், சிரி. நீ இருந்தால் போதும் லெயோனி. இதை வாய்விட்டுச் சொல்லிப் பழகிப் பார்த்தார். நீ இருந்தா போதும். குரல் கரகரவென்று அன்னியமாக வந்தது. துப்பாக்கிகள் கேட்டுக்கொண்டிருந்தன, அவற்றுக்கு என்ன தெரியும். உள்ளங்கை எண்ணெயை என்ன செய்வதென்று தெரியாமல், வீணாக்க மனமில்லாமல், தலையில் தேய்த்துக்கொண்டார். முடி இருக்கிற இடத்திலும் இல்லாத இடத்திலும்.

போன் மறுபடியும் அடித்தது. எண்ணெய்க் கையில் வழுக்கியது, இரண்டாவது தடவை பிடித்து எடுத்தார். "மிசியே பிலாவெந்திரான்?" ஒரு பெண் குரல். லெயோனி இல்லை. நர்ஸ். சுவரில் இருந்த ஐந்தும் கொஞ்சம் ஆடியதுபோல இருந்தது, மிஸ்த்ராலாக இருக்கும். ஆபரேஷன் நன்றாக முடிந்துவிட்டது, உங்கள் மனைவி கண் விழித்துவிட்டார் என்றாள் நர்ஸ். நன்றி என்றார். பிறகு தானே கேட்டார், "பேசினாளா?" இன்னும் இல்லை மிசியே, டாக்டர் வந்து ஆ சொல்லுங்கள் என்றார், உங்கள் மனைவி தலையை ஆட்டி முடியாது என்றுவிட்டார், பெயர் என்ன என்று நான் கேட்டேன், என்னிடமும் பேசவில்லை, போனைத்தான் காட்டுகிறார், கையைக் காட்டி ஒரே அடம், இருங்கள், காதருகே வைக்கிறேன். முடியவில்லையா, மாட்டேன் என்கிறாளா. துணி உரசும் சத்தம் கேட்டது. கட்டில் கிறீச்சிட்டது. பிலவேந்திரனின் குதிகால் இரண்டும் தாமாகவே சேர்ந்துகொண்டன, போன் பிடிக்காத கை தொடையோடு ஒட்டிக்கொண்டது, கண் எதிர்ச் சுவரில் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றது. மிஷின் விசிலடித்து அடங்கியது. மூச்சு கேட்டது. எச்சில் விழுங்குவது கேட்டது, எவ்வளவு வலித்திருக்கும். மறுபடி மூச்சு. பிறகு எதையோ சரளைக்கல்லில் இழுப்பதுபோல ஒரு கரகரப்பு, அதற்குள்ளிருந்து, மிக மெல்லியதாக, நாக்கு நுனியில் உருண்டு, அந்த ர வந்தது.

"ரெப்போ."

பிலவேந்திரன் உட்கார்ந்தார். எண்ணெய்க் கை நாற்காலி மெத்தையில் நன்றாகப் பட்டுவிட்டது, கறை போகாது. பார்த்தால் திட்டுவாள் என்று நினைத்தார், நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.